துளையில் இறங்கிய சந்தனம்

மடிக்கணினியில் கேபிள் செருகும் துளைக்குள் சந்தனம் வழிந்ததும் நாகநாதன் செய்த முதல் காரியம், சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது காரியம், காது குடையும் பஞ்சுக்குச்சியால் அதைத் துடைக்கப் போய், மிச்சமிருந்ததையும் உள்ளே தள்ளியது.

ஆயுத பூஜைக்கு மலேசியாவில் லீவு கிடையாது. அதனால் வருஷா வருஷம், மற்றவர்கள் மாடியேறி வருவதற்குள், பீச் ஸ்ட்ரீட் ஆபீசில் தன் மேசையிலேயே பூஜையைச் சுருக்கமாக முடித்துக்கொள்வது நாகநாதனின் வழக்கம். மடிக்கணினியை மூடி அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூ. மௌஸுக்கு ஒரு பொட்டு, கால்குலேட்டருக்கு ஒரு பொட்டு, ஸ்டேப்ளருக்கு ஒரு பொட்டு. ஊதுபத்தி மட்டும் கிடையாது. ஒரு வருஷம் கொளுத்தி, கூரையிலிருந்த புகைமணி அலறி, கீழே காப்பிக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தட்டோடு தெருவுக்கு ஓடி வந்து நின்றார்கள். அந்தப் புகழ் ஒருமுறை போதும் என்று விட்டுவிட்டார். இந்த வருஷம் அவசரத்தில் சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டது. மூடி மேல் வைத்த பொட்டு வைத்த இடத்தில் நிற்காமல், விளிம்பில் இறங்கி, அத்தனை பெரிய மேசையில் வேறு போக்கிடமே இல்லாததுபோல அந்தத் துளைக்குள் போய்ச் சேர்ந்தது.

வேறொரு வருஷமாக இருந்தால் இதை அவரே ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். ஆனால் இது சிரிக்கிற வருஷமாக இல்லை. கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அந்தக் கம்பெனி, பினாங்குக் கிளையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புக்கிட் தெங்கா கிடங்கோடு சேர்க்கப் போகிறது என்று பேச்சு. யார் பாலம் தாண்டிக் கிடங்குக்குப் போவார்கள், யார் வீட்டுக்குப் போவார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. நாகநாதனுக்கு ஐம்பத்தேழு வயது. மகள் அனுஜா இன்னும் காலேஜில். தான் இருக்கிறோமா போகிறோமா என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் தேவலை என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்.

காத்திருந்தார் என்பதும் சரியில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். ஆபீஸ் நிர்வாகம் மோகனாவின் கையில். முதல் தடவை அவளிடம் நேரடியாகவே கேட்டார். "கோலாலம்பூர் எச்கியூ இன்னும் ஒன்னும் சொல்லல அங்கிள்" என்றாள். இரண்டாவது தடவை கொஞ்சம் தந்திரமாக, "மேடம், என் நாற்காலியில ஒரு சக்கரம் ஒடஞ்சிருக்கு, புதுசு கேக்கலாமா?" என்று ஆரம்பித்தார். புது நாற்காலி வந்தால் அதில் உட்காரத் தானும் இருப்போம் அல்லவா? "பாப்போம் அங்கிள்" என்றாள். மூன்றாவது தடவை, அடுத்த தைப்பூசத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுக்கட்டுமா என்றார். மோகனா சிரித்து, "அதுக்கு இன்னும் நாள் இருக்கே, அப்ப பாத்துக்கலாம்" என்று ஃபோனை எடுத்துக்கொண்டாள். ஃபோன் அடிக்கவே இல்லை என்பதை நாகநாதன் கவனித்தார். அன்றிலிருந்து ஒடிந்த சக்கரத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தே வேலை பார்த்துவந்தார்.

இப்படிப்பட்ட சமயத்தில், கம்பெனிச் சொத்துக்குள் சந்தனம் ஊற்றிய ஊழியர் என்று பெயர் வாங்கினால் என்ன ஆகும்? அவர்கள் காரணம் தேடிக்கொண்டிருந்தால், அதை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தானே கொடுத்த மாதிரி ஆகும்.

கேபிளை எடுத்துச் செருகினார். 'க்ளிக்' என்றது. வழக்கமாகத் துளையின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும், பக்கத்தில் இன்னொன்று மஞ்சளாகக் கண்சிமிட்டும். இரண்டும் இருண்டு கிடந்தன. கேபிள் இணைக்கப்படவில்லை என்றது திரை. "இதோ இணைச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று அதனிடம் வாதாடிப் பார்த்தார். பிடுங்கினார், செருகினார். துளைக்குள் ஊதினார். அலமாரியிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து தேய்த்தார். மறுபடி பஞ்சுக்குச்சி. கணினியை அணைத்துப் போட்டார். இருட்டு இருட்டாகவே இருந்தது. பிரஷ்ஷில் மட்டும் நல்ல சந்தன வாசனை.

கம்பியில்லா இணைப்பு இருந்ததுதான். ஆனால் அதில் மெயில் பார்க்கலாம், வாட்சாப்பில் வருகிற படம் பார்த்து மகிழலாம். சுங்க இலாகாவுக்கு அறிவிப்பு அனுப்புவது மட்டும் சுவரிலிருந்து வரும் கம்பி வழியாகத்தான் என்பது கம்பெனி விதி. அன்று அனுப்பியே ஆக வேண்டிய அறிவிப்பு ஒன்று இருந்தது. தீபாவளிச் சாமான் ஏற்றிய கண்டெய்னர் ஒன்று பட்டர்வொர்த் துறைமுகத்தில் காத்திருந்தது.

எதிர் மேசை ரொஸ்னா வந்து பையை வைத்தாள். மூக்கைச் சுளித்து, "இன்னிக்கு ஆபீசே கோயில் மாதிரி மணக்குதே" என்று மலாயில் கேட்டாள். நாகநாதன் அவளுக்கு ஒரு பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து வாயை அடைத்தார். மோகனாவுக்கும் ஒன்று கொண்டுபோனார். மற்ற வருஷங்களில் "வெல்லம் கம்மியா இருக்கே அங்கிள்" என்று வம்பிழுப்பவள், இந்தத் தடவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தன் சட்டையில் சந்தனக் கறை இருக்கிறதோ என்று திரும்பி வரும்போது நாகநாதன் குனிந்து பார்த்துக்கொண்டார். இருந்தது.

வேறு வழியில்லாமல் லோகேஸ்வரனைக் கூப்பிட்டார்.

லோகேஸ்வரன் அந்த ஆபீசின் கணினிகள், கம்பிகள், பிரிண்டர்கள் அனைத்துக்கும் ஒரே வைத்தியன். எது கெட்டுப்போனாலும் "ரோசாக்கா? ரீஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே" என்று இருந்த இடத்திலிருந்தே மருந்து சொல்கிற ஆள். அன்று கூப்பிட்ட உடனே மாடியேறி வந்துவிட்டான். வந்தவன் மடிக்கணினியைப் பார்க்கவில்லை, நாகநாதனைப் பார்த்தான்.

"எப்ப இருந்து அண்ணே இப்டி?"

"காலையில இருந்து தம்பி."

"அலாமாக், ஐயோ" என்றான் மெல்ல. நெற்றியில் வேர்வை. ஏசி அவன் தலைக்கு நேர் மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

"லைட்டே வரலப்பா. நானும் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன்."

"டிரைவரா இருக்கும்... இல்ல, விண்டோஸ் அப்டேட்... சில நேரம் மழை பேஞ்சாகூட..."

"நேத்து மழையே இல்லையே?"

அதற்குள் ரொஸ்னா எட்டிப் பார்த்து, "அவர் லேப்டாப்புக்குப் பூஜை போட்டார், உள்ளே மஞ்சளா என்னமோ ஒட்டியிருக்கு பார்" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். நாகநாதனுக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் லோகேஸ்வரனின் முகத்தில், கரண்ட் போய்த் திரும்பி வந்த வீடுபோல ஒரு வெளிச்சம் வந்தது.

"சந்தனமா? சந்தனமேதான் அண்ணே! அதேதான்! உள்ள சின்னச் சின்ன பின்னு இருக்குல்ல, அதுல ஒட்டிக்கிச்சு. காயணும். ஃபேன் முன்னாடி வச்சு நாலு மணி வரைக்கும் தொடாதீங்க."

"நாலு மணியா? சாமான் இன்னிக்கு வெளிய வரணும்பா. ரொஸ்னா கேபிள்ல ஒரு நிமிஷம் போட்டு அனுப்பிடட்டுமா?"

"ஐயோ, வேணாம் அண்ணே! சந்தனம் உள்ள இருக்கையில போட்டா அவங்க லைனும் சேர்ந்து போயிரும்." சொல்லிவிட்டு, படி இரண்டிரண்டாகத் தாவிக் கீழே போனான். போகும்போதே ஃபோன் காதுக்கு ஏறியிருந்தது.

இது என்ன மலேரியாவா, ஒரு கேபிளிலிருந்து இன்னொரு கேபிளுக்குத் தொற்ற? நாகநாதனுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் காலையிலிருந்து குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவருக்குச் சட்டம் பேசுகிற தைரியம் வராது. மேசை விசிறியை மடிக்கணினிக்கு நேராகத் திருப்பி வைத்தார். தான் வேர்வையில் உட்கார்ந்துகொண்டார்.

பத்தரைக்கு சீனி முகம்மது கூப்பிட்டார். லெபு பாசார் தெருவில் கடை. தீபாவளி விளக்கு, தோரணம், முறுக்கு அச்சு என்று இறக்கி விற்கிறவர். அந்தக் கண்டெய்னர் அவருடையது.

"தம்பி நாகா, என் சாமான் பட்டர்வொர்த்துல உக்காந்து மீன் புடிக்குதா?"

"லைன் கொஞ்சம் ரோசாக் பாய். இப்ப ஆயிரும்."

"இப்பன்னா எப்ப? தீபாவளி முடிஞ்சு தீபாவளி வெளக்க வச்சு நான் என்னா செய்ய? ஹரிராயா பெருநாளுக்கு முறுக்கு சுடவா? லாரிக்காரன் துறைமுக கேட்டுல நின்னு என்னைய ஏசுறான். அவன் ஏசுறதெல்லாம் நான் ஒனக்கு ஃபோன்ல சொல்ல முடியாது, நல்ல நாளு."

"பாய், நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. அதான் வேற ஆபீசுக்குப் போகாம ஒன்கிட்ட குடுத்திருக்கேன். ஏன் தம்பி, கொரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்புட்டியா?"

"சாப்பிட்டேன் பாய்" என்று பொய் சொன்னார் நாகநாதன்.

பதினொரு மணிக்கு மோகனா வந்து மேசை ஓரத்தில் நின்றாள். ஒடிந்த சக்கரத்தைப் பார்த்தாள். விசிறியையும், அதன் முன்னால் காற்று வாங்கிக்கொண்டிருந்த மடிக்கணினியையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "அங்கிள், நாலு மணிக்கு என் ரூமுக்கு ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாகநாதனுக்குப் புரிந்துவிட்டது. லோகேஸ்வரன் போய்ச் சொல்லிவிட்டான்! அவனும் நாலு மணி என்றான், இவளும் நாலு மணி என்கிறாள். நாலு மணிக்கு விசாரணை. மனதுக்குள்ளேயே விளக்கம் எழுத ஆரம்பித்தார். 'எனது சமய நம்பிக்கையின் பேரில்' என்று ஒரு வாக்கியம் வந்தது. சரியில்லை, மதப் பிரச்சினை ஆகிவிடும். 'தற்செயலாகச் சிந்திய திரவம்' என்று மாற்றினார். எந்தத் திரவம் என்று கேட்டால்? காப்பி என்று சொல்லிவிடலாம். காப்பி ஏன் மணக்கிறது என்று கேட்டால்? சரஸ்வதி பூஜை அன்று பொய்யா என்று இன்னொரு பக்கம் மனசு குத்தியது.

வீட்டிலிருந்து மனைவி யோகலட்சுமி கூப்பிட்டாள். "பூசை நல்லா முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"பிரமாதம். உள்ள வரைக்கும் போயிருக்கு" என்றார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா? போகச் சொல்றாங்களா, இருக்கச் சொல்றாங்களா?"

"நாலு மணிக்குக் கூப்பிட்டிருக்கா."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நல்லதாதான் இருக்கும். கெட்டதுன்னா லெட்டர்ல அனுப்புவாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு மோசமாகச் சமாதானம் சொல்லி அவர் கேட்டதில்லை. அவளும் இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அவரும் புரண்டுகொண்டிருந்ததால்தான் தெரியும்.

மதியம் ரொஸ்னா தொழுகைக்குப் போனாள். சீனி முகம்மது மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை தமாஷ் இல்லை. "தம்பி, கேட்டுல இன்னும் கொஞ்ச நேரம்தான் விடுவானாம். அப்பறம் சனி, ஞாயிறு லீவுன்னு போயிரும். என்னால முடியலப்பா" என்றார். அவர் குரலில் கெஞ்சலை நாகநாதன் அதுவரை கேட்டதில்லை.

எப்படியும் நாலு மணிக்குத் தலை போகப் போகிறது. ஒரு கேபிளோடு போனால் என்ன, இரண்டு கேபிளோடு போனால் என்ன? நாகநாதன் எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். ரொஸ்னாவின் கேபிளைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, சந்தனம் பூசிய துளைக்குள் செருகினார்.

கண்ணைத் திறந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள், ஒன்றுமே நடக்காததுபோலச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலை ஞாபகம் வந்து, அறிவிப்பைத் திறந்து, சரக்கு விவரத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினார். அனுமதி வந்தது. சீனி முகம்மதுக்குச் செய்தி போட்டார். 'அல்லா ஒனக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும், லாரிக்காரனுக்கும் குடுக்கட்டும், அவனுக்குக் கொஞ்சம் கம்மியா' என்று பதில் வந்தது.

அப்போதுதான் அவருக்குள் ஒரு துப்பறிவாளர் விழித்துக்கொண்டார். மடிக்கணினி நன்றாக இருக்கிறது. சந்தனமும் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் கெட்டது எது? ரொஸ்னா திரும்பி வந்ததும் காலில் விழாத குறையாக அவளுடைய மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, தன் மேசைக் கேபிளில் மாட்டினார். இருட்டு. அலமாரியிலிருந்து புது உறை பிரிக்காத கேபிளை எடுத்து மாட்டினார். அதே இருட்டு. எதை மாட்டினாலும் அவர் மேசைக்கு வருகிற லைன் மட்டும் செத்துக் கிடந்தது.

"ஒங்க சாமி தப்பிச்சிட்டாங்க அங்கிள்" என்றாள் ரொஸ்னா. அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழும் அவர் எப்போதோ சொல்லிக் கொடுத்ததுதான்.

நாகநாதனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. குற்றம் தன்னுடையது இல்லை! நாலு மணிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போகலாம். இதை முதலில் லோகேஸ்வரனிடம் சொல்ல வேண்டும். பாவம், அவனும் காலையிலிருந்து தனக்காகத்தான் அலைந்துகொண்டிருக்கிறான்.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன அறைதான் லோகேஸ்வரனின் ராஜ்ஜியம். எல்லா மேசைகளிலிருந்தும் வரும் கேபிள்கள் அங்கே ஒரு பெட்டியில் வந்து செருகியிருக்கும். அவன் தரையில் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். "பாஸ், இன்னிக்கு மட்டும் தொறந்து விடுங்க பாஸ், ப்ளீஸ்லா, என் மேலதான் தப்பு" என்றது அவன் குரல். நாகநாதனைப் பார்த்ததும் ஃபோனை மடியில் கவிழ்த்தான்.

"தம்பி! சந்தனம் நிரபராதி!"

அவன் சிரிக்கவில்லை.

"ரொஸ்னா லைன்ல போட்டேன்பா. பச்சை வந்துச்சு. தொத்து வியாதி ஒன்னும் வரல. என் லைன்ல அவ லேப்டாப்பைப் போட்டேன், வரல. அப்ப எங்க ரோசாக்? இங்கதான்."

பெட்டியின் மேல் குனிந்தார். வரிசையாகப் பச்சை விளக்குகள். ஒவ்வொரு துளைக்குக் கீழும் லோகேஸ்வரன் கையால் எழுதி ஒட்டிய பெயர். மோகனா, ரொஸ்னா, காலியாகக் கிடக்கும் மேசைகளின் பழைய ஆட்கள் சிலர். 'நாகா அண்ணே' என்று ஒட்டியிருந்த இடத்தில் கேபிள் கெட்டியாகச் செருகியிருந்தது. அங்கே விளக்கு இல்லை. காலி மேசைக்காரர்களின் பெயர்களுக்கு மேலேயும் விளக்கு இல்லை.

நாகநாதன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த ஓட்டை கெட்டுப் போச்சா தம்பி?"

"இல்லண்ணே."

"வயர் அறுந்திருக்கா?"

"இல்ல."

"அப்ப எலியா?"

லோகேஸ்வரன் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தான், சந்தனத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரியே எலியின் வாலையும் பிடித்துக்கொள்ளப் போகிறான் என்பது நாகநாதனுக்குத் தெரிந்தது. தானேதான் அவனுக்கு எலியையும் பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது. இத்தனை மாதமும் இதைத்தானே செய்துவந்தார்? நாற்காலிச் சக்கரம், தைப்பூச லீவு, இப்போது எலி. கேட்கும்போதே தப்பித்துப் போகிற வழியையும் திறந்து வைத்துவிட்டுக் கேட்பது.

அவன் பக்கத்தில், தூசியில், தரையிலேயே உட்கார்ந்தார்.

"எலின்னு சொல்லாதப்பா. நான் வீட்டுக்குப் போய் அவகிட்ட எலின்னு சொல்ல முடியாது. இது யாரோ செஞ்சது. யாரு, எதுக்குன்னு சொல்லு. நான் சத்தம் போடமாட்டேன்."

லோகேஸ்வரன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "நான் சொல்லக் கூடாதுண்ணே. மோகனா அக்காதான் நாலு மணிக்கு..."

"அவ சொல்றப்போ சொல்லட்டும். நீ இப்ப சொல்லு தம்பி. காலையில இருந்து என் சாமியையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்டா."

மேலே யாரோ நடந்தார்கள். படிப்பலகை முனகியது. லோகேஸ்வரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விளக்கில்லாத அந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"உங்க லைனை நான்தான் மூடினேன் அண்ணே. எச்கியூல சாயந்தரம் ஆபீஸ் முடிஞ்சு மூடச் சொன்னாங்க. எனக்கு இன்னிக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை, கோயிலுக்குச் சீக்கிரம் போகணும்னு காலையிலயே மூடிட்டேன். மூடறது நான் மூடிறலாம், தொறக்கறதுக்கு கோலாலம்பூர்ல சொல்லணும், அவங்க ஃபோனையே எடுக்க மாட்றாங்க, எடுத்தாலும் முடியாதுங்கறாங்க. ரொஸ்னா பூஜைன்னு சொன்னதும் நான் சந்தனத்தையே புடிச்சுக்கிட்டேன்..."

"அது போகட்டும். புக்கிட் தெங்காவுல எனக்கு இடம் இருக்கா?"

லோகேஸ்வரன் அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

"இல்லண்ணே. அங்கயும் இல்ல. இன்னியோட உங்க வேலை முடிஞ்சுது."